ஆறே நிமிடத்தில் கறி! பெயர் வைத்தவர் ஒரு டாக்டர் அம்மையார்

மாலை நேரம். வேலைக்குப் போன கணவர் வந்துவிட்டார். பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பசி!

வீட்டில் இருப்பதோ அரைக் கிலோகூடத் தேறாத மாட்டிறைச்சி. சாப்பிட வேண்டியவர்கள் நாலு பேர். குழம்பு வைத்தால் இறைச்சி வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை பிள்ளைகள் பொறுப்பார்களா?

இந்தக் கேள்வி நேற்று இன்று வந்தது அல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே சீன நாட்டுப் பெண்கள் இதற்கு விடை கண்டுவிட்டார்கள்.

இறைச்சியை மெல்லியதாக வெட்டு. காய்கறியைக் கூடச் சேர். பெரிய தீயில் சட்டியைக் காய வை. போடு, கிளறு, இறக்கு!

அடுப்பில் இருப்பது ஆறே நிமிடம். இதுதான் "கிளறி வறுக்கும்" சமையல். இன்று உலகம் முழுவதும் இதைச் செய்கிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் "ஸ்டிர் பிரை" என்று பெயர். அந்தப் பெயரைப் பிரபலப்படுத்தியவர் ஓட்டல்காரர் அல்ல. ஒரு டாக்டர் அம்மையார்! அவருடைய கதையும் சுவையானது. அவர் காட்டிய சமையலும் சுவையானது.

விறகுப் பஞ்சம்

சீனாவில் மக்கள் அதிகம். விறகு குறைவு. ஏழை வீட்டில் சுள்ளியும் வைக்கோலும்தான் எரிபொருள். அவை குபீர் என்று எரியும். சீக்கிரம் அணைந்துவிடும். அந்தத் தீ அணைவதற்குள் சமையல் முடிய வேண்டும்.

அதற்கு ஏற்றபடி சட்டியைச் செய்தார்கள். அடி குழிந்த, மெல்லிய இரும்புச் சட்டி. அடுப்பின் வாயில் இந்தச் சட்டி அப்படியே உட்காரும். தீ நேராக அடியில் படும். ஒரு நொடியில் சூடேறும்.

இந்தச் சட்டியைத் தமிழர்கள் அறியாதவர்கள் அல்ல. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இரும்பு வாணலிக்கு "சீனச்சட்டி" என்றே பெயர். பெயரே அது வந்த வழியைச் சொல்கிறது!

கிளறி வறுக்கும் முறையைச் சீனர்கள் "சாவ்" என்கிறார்கள். 6-ம் நூற்றாண்டில் ஜியா சிஸியே என்பவர் வேளாண்மை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். முட்டையை இப்படிக் கிளறி வறுக்கும் முறை அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் எண்ணெய் விலை அதிகம். ஆகவே பணக்காரர்களே வறுத்துத் தின்றார்கள். ஏழைகள் வேக வைத்துத் தின்றார்கள். மிங் அரச வம்சத்தின் காலத்தில்தான் (1368 முதல் 1644 வரை) இது பரவலாயிற்று.

மாட்டிறைச்சியும் அங்கே எளிதில் கிடைத்தது இல்லை. எருது ஏர் உழும். எருது போனால் விவசாயி போனான்! ஆகவே உழவு மாட்டை வெட்டக் கூடாது என்று பல அரசர்கள் சட்டம் போட்டார்கள். மாட்டிறைச்சி கிடைத்தால் கையளவுதான். அதை நாலு பேருக்குப் பங்கிட ஒரே வழி, மெல்லியதாக வெட்டிக் காய்கறியோடு கலப்பதுதான்.

கடல் கடந்த சட்டி

19-ம் நூற்றாண்டின் நடுவில் தென் சீனாவில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். ரெயில் பாதை போட்டார்கள்.

வேலை முடிந்தது. வெறுப்பு தொடங்கியது! 1882-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. சீனத் தொழிலாளர்கள் இனி உள்ளே வரக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஏற்கனவே வந்தவர்கள் மனைவியை அழைத்துவர முடியவில்லை. கணவன் அங்கே, மனைவி இங்கே. இப்படியே பல குடும்பங்கள் முதுமை அடைந்தன.

பிழைக்க என்ன வழி? துணி வெளுத்தார்கள். இல்லாவிட்டால் ஓட்டல் வைத்தார்கள். 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு ஓட்டல் முதலாளிகளும் "வியாபாரிகள்" என்ற கணக்கில் சேர்ந்தார்கள். வியாபாரிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அவர் ஊருக்குப் போய் வரலாம். உறவினரை அழைத்து வரலாம். ஆகவே சீன ஓட்டல்கள் பெருகின. சட்டியும் கரண்டியும் பல குடும்பங்களை ஒன்று சேர்த்தன!

அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சீனாவில் அதோடு சேர்க்கும் "காய்லான்" கீரை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பிராக்கோலியைச் சேர்த்தார்கள். பிராக்கோலி, காலிபிளவரின் பச்சை நிறத் தம்பி. இத்தாலியில் இருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவில் பரப்பிய காய் அது. சீனச் சட்டி, அமெரிக்க மாடு, இத்தாலியக் காய். மூன்றும் சேர்ந்து ஒரு பதார்த்தம் ஆயிற்று!

நிச்சயத்தை முறித்த பெண்

இனி டாக்டர் அம்மையாரின் கதைக்கு வருவோம்.

அவர் பெயர் யாங் பூ வெய். 1889-ல் சீனாவின் நான்ஜிங் நகரில் பிறந்தவர். அவர் பிறக்கும் முன்பே கலியாணம் நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை உறவுக்காரப் பையன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலம் அது!

பூ வெய் வளர்ந்தார். படித்தார். "இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த நாளில் ஒரு பெண் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமா? ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. நிச்சயம் முறிந்தது.

பிறகு டாக்டருக்குப் படிக்க ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு தொல்லை! ஜப்பானியச் சாப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டினி கிடக்க முடியுமா? கரண்டியைக் கையில் எடுத்தார். படிப்புக்கு நடுவே சமையலும் கற்றார்.

1919-ல் சீனா திரும்பினார். தோழி ஒருவருடன் சேர்ந்து பீகிங் நகரில் ஒரு மருத்துவமனை தொடங்கினார். அப்போதுதான் மொழி அறிஞர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் சாவோ யுவான் ரென். 1921-ல் இருவரும் மணந்து கொண்டார்கள். ஆடம்பரம் இல்லை, சடங்கு இல்லை. இரண்டு நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான்!

கணவருக்கு அமெரிக்காவில் வேலை. மனைவியும் கூடப் போனார். மருத்துவத் தொழில் நின்றுபோனது. நாலு பெண் குழந்தைகள் பிறந்தன. இடையில் நாடு திரும்பினார்கள். 1937-ல் ஜப்பான் சீனாவின் மீது பெரும் போர் தொடுத்தது. 1938-ல் குடும்பம் மீண்டும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

ரேஷன் காலத்தில் வந்த புத்தகம்

அடுத்து அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. 1943 மார்ச்சில் அங்கே இறைச்சிக்கு ரேஷன் வந்தது. முழுசாக ஒரு துண்டை வாட்டித் தட்டில் வைத்துத் தின்று பழகியவர்கள் அமெரிக்கர்கள். இப்போது கூப்பன் கொடுத்தால்தான் இறைச்சி. அதுவும் அளவாகத்தான். அமெரிக்கத் தாய்மார்கள் தவித்தார்கள்.

கொஞ்சம் இறைச்சியை வைத்து நிறையப் பேருக்குச் சமைப்பது எப்படி? அது சீனப் பெண்களுக்குத் தெரியும். சமையல் புத்தகம் எழுதும்படி அம்மையாரை நண்பர்கள் தூண்டினார்கள்.

ஆனால் அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது! என்ன செய்வது? அவர் சீனத்தில் எழுதினார். மூத்த மகள் ரூலான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தந்தை அதைத் திருத்தினார். வார்த்தைக்கு வார்த்தை வீட்டில் வாக்குவாதம்!

அதில் ஒரு சிக்கல். "சாவ்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வெறும் "வறுவல்" என்றால் எண்ணெயில் மிதக்க விடுவது என்று நினைப்பார்கள். பெரிய தீ, கொஞ்சம் எண்ணெய், நறுக்கிய பொருள், ஓயாத கிளறல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். கடைசியில் "ஸ்டிர் பிரை" என்று இரண்டு சொற்களைச் சேர்த்தார்கள். கிளறு, வறு. இரண்டே சொல்லில் வேலை முடிந்தது!

1945-ல் புத்தகம் வெளிவந்தது. "சீன முறையில் சமைப்பதும் சாப்பிடுவதும் எப்படி?" என்பது அதன் பொருள். நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் அம்மையார் அதற்கு முன்னுரை வழங்கினார். சீன அறிஞர் ஹூ ஷி அணிந்துரை எழுதினார். அவர்தான் இந்தத் தம்பதியின் கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்!

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1943-ல், சீனர்களைத் தடுத்த சட்டம் நீக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆண்டுக்கு 105 பேருக்கு மட்டுமே இடம் என்றார்கள். சீனர்களுக்குக் கதவு கொஞ்சம்தான் திறந்தது. சீனச் சமையலோ நேராக அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது!

என்னென்ன வேண்டும்?

இனி அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் சாமான்களைச் சேர்ப்போம். நாலு பேருக்கு அளவு இது.

எலும்பு இல்லாத மாட்டிறைச்சி 400 கிராம்.

பிராக்கோலி 300 கிராம். கிடைக்காவிட்டால் பீன்ஸ் அல்லது முட்டைக்கோஸ் போதும்.

கேரட் 1. குடமிளகாய் 1. பெரிய வெங்காயம் 1.

இஞ்சி கட்டை விரல் அளவு. பூண்டு 4 பல்.

எண்ணெய் 3 மேசைக்கரண்டி. கடலை எண்ணெய் நல்லது. அதிகச் சூட்டைத் தாங்கும்.

சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி. சிப்பி சாஸ் 1 மேசைக்கரண்டி. சர்க்கரை 1 தேக்கரண்டி. மக்காச்சோள மாவு 3 தேக்கரண்டி.

சிப்பி சாஸ் என்பது கடல் சிப்பியைக் காய்ச்சி எடுப்பது. 1888-ல் தென் சீனாவில் லீ கும் ஷியுங் என்ற சிற்றுண்டிக் கடைக்காரர் சிப்பியை அடுப்பில் வைத்தார். அதை மறந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் கெட்டியான கருஞ்சாறு! அதுதான் சிப்பி சாஸ் ஆயிற்று என்று அவர் தொடங்கிய நிறுவனத்தார் கதை சொல்கிறார்கள். இது கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சோயா சாஸ் அரைக் கரண்டி கூடுதலாக விடுங்கள்.

வெட்டுவதில் இருக்கிறது வெற்றி

இறைச்சியை அரை மணி நேரம் பிரீசரில் வையுங்கள். கல்லாக இறுக வேண்டாம். கொஞ்சம் விறைத்தால் போதும். கத்தி வழுக்காது. மெல்லியதாக வெட்ட வரும்.

இறைச்சியை உற்றுப் பாருங்கள். நூல் நூலாக நார் ஓடும். அந்த நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளமாக வெட்டினால் நீண்ட நார் அப்படியே நிற்கும். வாயில் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும்! குறுக்கே வெட்டினால் நார் துண்டு துண்டாகும். எளிதில் மெல்லலாம். கனம் 3 மில்லி மீட்டர் இருக்கட்டும்.

வெட்டிய இறைச்சியில் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, மக்காச்சோள மாவு 2 தேக்கரண்டி, எண்ணெய் 1 தேக்கரண்டி விட்டுப் பிசையுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். மாவு இறைச்சியைப் போர்வை போலப் போர்த்திக் கொள்ளும். உள்ளே இருக்கும் சாறு வெளியேறாமல் காக்கும். பிறகு குழம்பும் அதில் ஒட்டிக் கொள்ளும்.

இறைச்சி முற்றியதாக இருந்தால் கால் தேக்கரண்டி ஆப்பசோடா சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கூடினால் சோப்பு வாடை வரும்.

பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் காய்கறி நறுக்கக் கூடாது. காயை முதலில் நறுக்கி வையுங்கள். இறைச்சியைக் கடைசியில் வெட்டுங்கள். பிறகு பலகை, கத்தி, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிராக்கோலியைச் சிறு பூக்களாகப் பிரித்து, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து வடியுங்கள். நன்றாக ஈரம் போகட்டும். கேரட்டை மெல்லிய வில்லையாக நறுக்குங்கள். குடமிளகாயையும் வெங்காயத்தையும் நீளவாக்கில் நறுக்குங்கள். இஞ்சியையும் பூண்டையும் பொடியாக நறுக்குங்கள்.

ஒரு கிண்ணத்தில் மீதிச் சோயா சாஸ், சிப்பி சாஸ், சர்க்கரை, மீதி மாவு 1 தேக்கரண்டி, கால் கப் தண்ணீர் எல்லாவற்றையும் கலக்கி வையுங்கள்.

எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீ பற்றிய பிறகு "பூண்டு எங்கே?" என்று தேடினால் சமையல் கருகிவிடும்!

இதோ, ஆறு நிமிடம்!

இரும்பு வாணலியை வெறுமனே அடுப்பில் வையுங்கள். தீயை முழுவதும் திருப்பி விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் "சுர்" என்று ஓடி மறைய வேண்டும். ஒட்டாத பூச்சு பூசிய சட்டி இதற்கு ஆகாது. வெறுமனே காய்ந்தால் பூச்சு கெட்டுப் புகை வரும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

முதல் நிமிடம்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். பாதி இறைச்சியை மட்டும் போட்டுப் பரப்புங்கள். அரை நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் பழுப்பாகும். பிறகு புரட்டிக் கிளறுங்கள். சிவப்பு நிறம் மறைந்ததும் தட்டில் எடுத்து வையுங்கள். பச்சை இறைச்சி இருந்த தட்டில் வைக்காதீர்கள். வேறு தட்டு வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் நிமிடம்: இன்னொரு கரண்டி எண்ணெய். மீதி இறைச்சி. அதே மாதிரி.

ஏன் ஒரேயடியாகப் போடக் கூடாது? கடைச் சமையல்காரரின் அடுப்பு பேயாக எரியும். வீட்டு அடுப்பு அப்படி அல்ல. நிறைய இறைச்சியைக் கொட்டினால் சட்டி ஆறிவிடும். இறைச்சி தண்ணீர் விடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி பழுப்பாகி மணம் வீச அதைவிட அதிகச் சூடு வேண்டும். கொட்டிவிட்டால் வறுவல் போய் அவியல் ஆகிவிடும்!

நான்காம் நிமிடம்: மீதி எண்ணெய் விட்டுக் கேரட், வெங்காயம், குடமிளகாய் போடுங்கள். அடியில் இருந்து மேலே தூக்கித் தூக்கிக் கிளறுங்கள். காய் கருகக் கூடாது, குழையவும் கூடாது. கடித்தால் "கறுக்" என்ற சத்தம் வர வேண்டும்.

ஐந்தாம் நிமிடம்: இஞ்சி, பூண்டு போடுங்கள். இருபது எண்ணும்வரை கிளறுங்கள். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். அடுத்து பிராக்கோலி.

ஆறாம் நிமிடம்: இறைச்சியைச் சாற்றோடு திரும்பப் போடுங்கள். கிண்ணத்துக் கலவையைக் கலக்கிவிட்டு ஓரமாக ஊற்றுங்கள். அது கொதித்துப் பளபளப்பாகும். இறைச்சியிலும் காயிலும் ஒட்டும். இறைச்சித் துண்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பு இல்லையா? இறக்கிவிடுங்கள்!

உப்புப் போட வேண்டாம். சோயா சாஸிலேயே உப்பு நிறைய இருக்கிறது. சூடான வெள்ளைச் சோற்றின் மீது பரப்பி உடனே பரிமாறுங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாத வீட்டில் கோழி நெஞ்சுக்கறியில் இதையே செய்யலாம். காளானிலும் செய்யலாம். வெட்டும் முறையும் தீயின் முறையும் மாறாது.

சட்டியின் மூச்சு

இந்தக் கறியில் ஒரு தனி மணம் வரும். காய்ந்த இரும்பும் எண்ணெயும் சோயாவும் சேர்ந்து எழும் மணம் அது. தென் சீனர்கள் அதை "வொக் ஹேய்" என்கிறார்கள். "சட்டியின் மூச்சு" என்று பொருள். தட்டு மேசைக்கு வந்த சிறிது நேரத்தில் அது போய்விடும். ஆகவே அங்கே சாப்பாட்டுக்காகச் சட்டி காத்திருப்பதில்லை. சட்டிக்காகச் சாப்பிடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள்!

யாங் பூ வெய் அம்மையார் 1981 வரை வாழ்ந்தார். மருத்துவப் படிப்பைப் படித்துவிட்டுச் சமையல் புத்தகம் எழுதினோமே என்று அவருக்கு ஒரு வெட்கம் இருந்தது. அதை அந்தப் புத்தகத்திலேயே சொல்லியும் இருக்கிறார். மருத்துவமனையில் அவர் சில ஆண்டுகளே பணி செய்தார். ஆனால் அவர் புத்தகத்தில் பிறந்த சொல் இன்று ஆங்கில அகராதியில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சமைத்த குடும்பங்கள் எத்தனையோ!

பிள்ளைகள் கைகழுவி வந்து உட்கார்ந்துவிட்டார்களா? சோறு தயாரா?

அப்படியானால் சீனச்சட்டியை அடுப்பில் ஏற்றலாம்!